குணமாகாத நோய்க்கு எந்தச் சாமி?

நம்முடைய பக்திக் கதைகளில் நோயாளி எப்போதும் பிழைத்துக்கொள்கிறார். தருமசேனராக இருந்த மருள்நீக்கியாருக்குச் சூலை நோய் வந்தது. சமண முனிவர்களின் மந்திரத் தண்ணீருக்கும் மயிற்பீலிக்கும் அது அடங்கவில்லை. இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து அக்காள் திலகவதியாரின் காலில் விழுந்தார். அக்காள் திருநீறு கொடுத்தாள். வீரட்டானத்து ஈசன் முன் நின்று பாடினார், வலி போனது, நமக்குத் திருநாவுக்கரசர் கிடைத்தார். குருவாயூரில் மேல்பத்தூர் நாராயண பட்டதிரிக்கு வாதநோய். நாராயணீயம் பாடி முடித்தார், எழுந்து நடந்தார். விவிலியத்தின் யோபும் குர்ஆனின் அய்யூப் நபியும் ஒருவரே. உடம்பெல்லாம் புண்ணாகி, பிள்ளை குட்டியெல்லாம் போய், கடைசியில் அவருக்கும் எல்லாம் திரும்பக் கிடைக்கிறது.

சரி, பிழைக்காதவருக்கு என்ன கதை வைத்திருக்கிறோம்?

சென்னையிலோ மதுரையிலோ ஒரு புற்றுநோய் வார்டுக்குள் போய்ப் பாருங்கள். தலையணைக்கு அடியில் விபூதிப் பொட்டலம். கட்டில் கம்பியில் மஞ்சள் துணியில் முடிந்த ஒற்றை ரூபாய். மருந்துச் சீட்டுகளும் ஸ்கேன் உறைகளும் திணித்த ஜவுளிக்கடைப் பையின் ஓரத்தில் வேளாங்கண்ணி எண்ணெய்ப் புட்டி. மணிக்கட்டில் தர்காவில் கட்டிய கறுப்புக் கயிறு. இவை எல்லாமே ஒரே நோயாளியின் கட்டிலில் இருப்பதும் உண்டு. எந்த மதத்தார் எந்தச் சாமியைக் கும்பிடலாம் என்ற வழக்கெல்லாம் அந்த வாசலோடு முடிந்துவிடுகிறது.

நேர்த்திக்கடன் ஒரு கொடுக்கல் வாங்கல்தான். நீ குணமாக்கு, நான் மொட்டை போடுகிறேன், அலகு குத்துகிறேன், வெள்ளியில் உறுப்பு செய்து போடுகிறேன். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. கையில் வேறொன்றும் இல்லாதவர்கள் கடைசியாகச் செய்யக்கூடிய காரியம் அது. சிக்கல் தொடங்குவது, நோய் நான்காம் நிலைக்குப் போய், டாக்டர் கண்ணைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திய பிறகுதான். கொடுக்கல் வாங்கலில் ஒரு பக்கம் நின்றுபோனால் கணக்கு யார் தலையில் விழும்? நோயாளியின் தலையில்தான். 'விசுவாசம் குறைவா இருக்கு, அதான் சுகம் கிடைக்கல' என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். 'போன ஜென்மத்துப் பாவம்' என்று சொல்ல ஜோசியர் தயாராக இருப்பார். யோபைப் பார்க்க வந்த நண்பர்கள் செய்ததும் இதேதான்: நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், யோசித்துப் பார். அந்த நூல் எழுதப்பட்டு எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அந்த நண்பர்கள் மட்டும் இன்னமும் ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. லால்குடியில் இருந்த என் பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று. கண்டுபிடித்தபோதே பரவியிருந்தது. வீட்டில் கூடிப் பேசி 'வயித்துல புண்ணு' என்று சொல்வதாக முடிவாயிற்று. டாக்டரிடமும் சொல்லி வைத்தோம். எல்லா வீட்டிலும் நடக்கிற அதே நாடகம். ரேடியேஷன் அறை வாசலில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில் புற்றுநோய் என்று எழுதியிருந்ததை நாங்கள் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பெரியம்மா எட்டாவது வரை படித்தவள்.

ஒரு மத்தியானம் பெரியப்பா கடைக்குப் போயிருந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அந்த சீட்டு நோட்டை எடுத்துட்டு வாடா."

தெருவில் ஏலச்சீட்டு நடத்திக்கொண்டிருந்தாள். யார் யாருக்கு எவ்வளவு, யார் பாக்கி என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடைசி ஆள் வரை வந்ததும் மூச்சு வாங்கியது. "இன்னும் மூணு மாசத்துச் சீட்டை நம்ம சரசு நடத்தட்டும். சனங்க பணம், சொல்லு கேக்கக் கூடாது" என்றாள்.

"எதுக்குப் பெரியம்மா இப்ப இதெல்லாம்?"

"எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும்டா. உங்க பெரியப்பாவுக்குத்தான் எனக்குத் தெரியும்னு தெரியக் கூடாது. மனுசன் தாங்க மாட்டாரு."

பெரியப்பாவோ அவளுக்குத் தெரியக் கூடாது என்று தினமும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தக் கண்ணாமூச்சிக்குப் பெயரே உண்டு. பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் மருத்துவமனைகளில் சாவைச் சுற்றி யாருக்கு என்ன தெரிந்திருக்கிறது என்று ஆராய்ந்து 1965-இல் ஒரு புத்தகம் போட்டார்கள். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தெரியாததுபோல் நடிப்பார்கள், அதுவும் ஒரு வகை என்று அதில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். லால்குடித் திண்ணையை அவர்கள் பார்த்ததில்லை. ஆனால் அச்சு அசல் இதுதான்.

அவளுடைய வேண்டுதலும் அந்தச் சமயத்தில்தான் மாறியிருக்க வேண்டும். முதலில் சமயபுரத்தாளுக்கு மொட்டை நேர்ந்திருந்தாள். பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நாங்களாக நினைவுபடுத்தியபோது, "அவளுக்குத் தெரியும். வலியில்லாமக் கொண்டு போனாப் போதும்னு சொல்லிட்டேன்" என்றாள். அம்மனை விட்டுவிடவில்லை. ஒப்பந்தத்தை மட்டும் விட்டுவிட்டாள். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிழைக்காதவரின் கதை தமிழ்நாட்டில் ஒன்று உண்டு, திருவண்ணாமலையில். 1948-இன் கடைசியில் ரமண மகரிஷியின் இடது முழங்கை அருகே ஒரு சிறிய கட்டி வந்தது. 1949 பிப்ரவரியில் ஆசிரமத்து மருத்துவர்கள் அதை அறுத்து எடுத்தார்கள். ஒரு மாதத்தில் முன்னைவிடப் பெரிதாக வளர்ந்தது. சார்கோமா என்னும் புற்று என்று தெரிந்தது. கையை எடுத்துவிடலாம் என்றார்கள், அவர் சம்மதிக்கவில்லை. மறுபடி அறுவை, ரேடியம், அந்த ஆகஸ்டில் ஒன்று, டிசம்பரில் நான்காவதாக ஒன்று. நடுவில் பச்சிலை வைத்தியர் வந்தார், ஹோமியோபதி வந்தது. யார் எந்த மருந்தைக் கொண்டுவந்தாலும், அவர்கள் மனம் நோகாதபடி ஏற்றுக்கொண்டார். தானாக எதையும் கேட்கவும் இல்லை.

அங்கே நேர்த்திக்கடன் தலைகீழாக நடந்தது. பக்தர்கள் சாமியிடமே போய், 'உங்களை நீங்களே குணப்படுத்திக்கொள்ளுங்கள்' என்று மன்றாடினார்கள். பதினாறு வயதில் மதுரையில் ஒரு வீட்டு மாடியில் பிணம்போல் படுத்து, சாவது யார் என்று விசாரித்தவரிடம் அந்தப் பேரம் எடுபடவில்லை. ஆனால் அவர் வலி இல்லையென்று சொன்னதும் இல்லை. ஞானிக்கு வலிக்காது என்று பிற்பாடு கதை கட்டியவர்கள் அவருக்கு நியாயம் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். வலியும் இருந்தது, அதற்கு மருந்தும் போடப்பட்டது, மற்றவர்களுக்கான தரிசனமும் நிற்கவில்லை. கடைசி நாள்களிலும் அந்தச் சின்ன அறையைக் கடந்து ஜனங்கள் வரிசையில் போகலாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு, வெளியே தாழ்வாரத்தில் பக்தர்கள் அக்ஷரமணமாலை பாடிக்கொண்டிருக்க, மூச்சு நின்றது. வயது எழுபது.

ரமணரைச் சொன்னதும் ஒரு ஆட்சேபம் வரும்: அவர் மகான், நாம் சாதாரண ஆள்கள். நியாயமான ஆட்சேபம். சாதாரண ஆள் ஒருவர் இரவு முழுக்க வலியில் துடிக்கும்போது அவரிடம் ஆன்மிகம் பேசுவது கொடுமை. இதைப் பிடித்துக்கொண்டுதான் லண்டனில் ஒரு பெண் மருத்துவ உலகத்தையே திருப்பினார்.

சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதற்கும் பிறகு டாக்டர். 1948-இல் அவர் பார்த்துக்கொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதர் புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தார். சொந்தபந்தம் இல்லாத மனிதர். சாகிறவர்களுக்கென்று தனியாக ஒரு இடம் எப்படி இருக்க வேண்டும் என்று இருவரும் பேசிப் பேசித் திட்டம் போட்டார்கள். அந்த இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருந்துகொள்வதாகச் சொல்லி 500 பவுண்டு எழுதி வைத்துவிட்டுப் போனார் டாஸ்மா. சாண்டர்ஸ் கட்டிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம் 1967-இல் திறந்தது. ஜன்னலும் இருக்கிறது. சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர். ஆனால் அங்கே முதல் வேலை ஜெபம் அல்ல, மருந்து. வலி வந்து நோயாளி கத்திய பிறகு கொடுப்பதல்ல, வலி தலைதூக்குவதற்கு முன்பே நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் கொடுப்பது. உடல் வலி, மன வலி, குடும்பக் கவலை, 'ஏன் எனக்கு' என்ற ஆன்மாவின் வலி எல்லாம் ஒரே முடிச்சு என்றார் அவர். உடல் வலியைத் தளர்த்தினால்தான் மற்ற மூன்றையும் தொடவே முடியும். 2005-இல் சாண்டர்ஸ் தானும் புற்றுநோயால், தான் கட்டிய அதே இல்லத்தில் இறந்தார்.

இந்தியாவில் இந்த வேலை 1986-இல் மும்பையின் சாந்தி அவேதனா ஆசிரமத்தில் தொடங்கி, 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் அமைத்த வலி நிவாரணச் சங்கம் வழியாகக் கேரளத்தின் தெருக்களுக்கு இறங்கியது. அங்கே பக்கத்து வீட்டுக்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போகிறார்கள். மற்ற இடங்களில் முட்டுக்கட்டையாக நின்றது, கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் கிடைக்காததுதான். மருந்துத் தயாரிப்புக்காகச் சட்டப்படி அபினி விளைவிக்கும் முக்கிய நாடுகளில் ஒன்று இந்தியா. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் பயிராகிறது. ஆனால் 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், அதிலிருந்து எடுத்த மார்ஃபினை நம் ஊர் மருத்துவமனை வைத்திருக்க வேண்டுமானால் உரிமத்துக்கு மேல் உரிமம். எதற்கு வம்பு என்று பலரும் விட்டுவிட்டார்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது, நடைமுறை எளிதாயிற்று. பயம் மட்டும் போகவில்லை. 'அடிமையாகிவிடுவாரே' என்று, சில வாரங்களே இருக்கப் போகிறவரைப் பற்றி இன்றும் கவலைப்படுகிறோம். முறையாகக் கொடுத்தால் வலி அடங்கும், நோயாளி தெளிவாகப் பேசுவார். மலச்சிக்கல் வரும், அதற்குக் கூடவே மருந்து எழுத வேண்டும். என் பெரியம்மாவுக்கு மார்ஃபின் கிடைத்தது கடைசியில்தான். கிடைத்த அன்று ராத்திரி தூங்கி எழுந்து, எத்தனையோ நாளைக்கப்புறம் தானாகச் சாமி படத்துக்குப் பூ வைக்கச் சொன்னாள்.

படித்தவர்களுக்கு இந்தப் பிரச்சினையெல்லாம் இல்லை, அவர்கள் தெளிவாக இருப்பார்கள் என்று நினைத்தால் பால் கலாநிதியைப் படிக்க வேண்டும். முழுப்பெயர் பால் சுதிர் அருள் கலாநிதி. அப்பா தென்னிந்தியக் கிறிஸ்தவர், அம்மா இந்து. இரு வீட்டாரும் எதிர்க்க, ஊரைவிட்டுப் போய் அமெரிக்காவில் குடும்பம் நடத்தியவர்கள். அம்மாவைப் பெற்ற பாட்டி, பேரனை 'பால்' என்று கூப்பிட மறுத்து, கடைசிவரை 'சுதிர்' என்றே கூப்பிட்டாராம். எந்தச் சாமி என்ற சண்டை பெயரிலேயே தொடங்கிய பிள்ளை.

ஸ்டான்ஃபோர்டில் இலக்கியமும் உயிரியலும், கேம்பிரிட்ஜில் அறிவியல் வரலாறும் தத்துவமும், யேலில் மருத்துவமும் படித்தவர். மூளை அறுவை சிகிச்சையில் பயிற்சி முடியும் தறுவாயில், 2013 மே மாதம், தன் நுரையீரலின் ஸ்கேன் படங்களைத் தானே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, நான்காம் நிலைப் புற்று என்று புரிந்துகொண்டார். வயது 36. பக்திக் குடும்பத்தில் வளர்ந்து, இருபதுகளில் கடவுளை விட்டு, அணுவும் நரம்பும்தான் உண்மை என்றிருந்தவர். பிறகு அந்தக் கணக்கு தனக்கே ஒத்துவரவில்லை என்கிறார். அளக்க முடிகிறது மட்டுமே உண்மை என்றால் கடவுள் மட்டும் வெளியே போகவில்லை, அன்பும் அர்த்தமும்கூட வெளியே போய்விடுகின்றன. தியாகம், மன்னிப்பு, மீட்பு என்ற கிறிஸ்தவத்தின் நடுநாடிக்கு அவர் திரும்பினார்.

இதில் எனக்குப் பிடித்தது, அந்தத் திரும்பல் ஒரு அற்புதத்தால் வந்ததல்ல. அவர் குணமாகவில்லை. சிறிது காலம் ஒரு மாத்திரை நோயைக் கட்டிப் போட்டது, மறுபடி அறுவை சிகிச்சை மேடையில் நின்றார், மறுபடி கட்டி வந்தது. தனக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது என்று முடிவெடுக்கலாமே என்று டாக்டரிடம் புள்ளிவிவரம் கேட்டுப் பார்த்தார். அந்த டாக்டர் தரவில்லை, உனக்கு எது முக்கியம் என்று யோசி என்று திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார். மனைவி லூசியும் அவரும் குழந்தை பெற்றுக்கொள்ள முடிவு செய்தார்கள். சாகப் போகிறவர் குழந்தையை விட்டுப் போவது இன்னும் வேதனை அல்லவா என்று லூசி கேட்டபோது, அந்த வேதனை வரட்டுமே என்ற பொருளில்தான் பதில் சொன்னார். 2014 ஜூலையில் மகள் பிறந்தாள். கீமோவில் விரல் நுனிகள் வெடித்தன. விசைப்பலகையைத் தொட உதவும் வெள்ளியிழைக் கையுறை போட்டுக்கொண்டு புத்தகத்தை எழுதினார். 2015 மார்ச் 9 அன்று மூச்சுத் திணறல் முற்றி, தொண்டைக்குள் குழாய் செருகி வெண்டிலேட்டரில் போடலாமா என்று கேள்வி வந்தபோது வேண்டாம் என்றார். மார்ஃபின் கொடுத்து, மூச்சுக்கு வைத்திருந்த முகமூடியை எடுத்தார்கள். வீட்டார் சுற்றி இருந்தார்கள். முடிக்காமல் விட்ட புத்தகத்துக்கு லூசி ஒரு பின்னுரை எழுதிச் சேர்த்தார். 'வென் ப்ரெத் பிகம்ஸ் ஏர்' என்று 2016 ஜனவரியில் வெளிவந்தது.

பக்தி அதிகம் உள்ளவர்கள் சாவை எளிதாக ஏற்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். 2009-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு ஒன்று நேர்மாறாகச் சொன்னது. முற்றிய புற்றுநோயாளிகள் 345 பேரைக் கடைசிவரை தொடர்ந்து பார்த்ததில், நோயைச் சமாளிக்க மதத்தை அதிகம் பற்றிக்கொண்டவர்களில் 11.3 சதவீதம் பேர் இறுதியில் வெண்டிலேட்டருக்குப் போயிருந்தார்கள். குறைவாகப் பற்றியவர்களில் 3.6 சதவீதம். காரணத்தை ஊகிக்க முடிகிறது: கடவுள் ஏதாவது செய்வார், கடைசி நிமிஷம் வரை கதவைச் சாத்தக் கூடாது. மறு வருஷம் இன்னொரு ஆய்வு வந்தது. நுரையீரல் புற்று பரவிய 151 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே வலி தணிப்புச் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கடைசி நேரக் குழாய்களும் ஊசிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. ஆயுளும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது. வலி தணிப்பு என்றால் கைகழுவி விடுவது என்று நினைக்கிற வீடுகளில் இந்த இரண்டு எண்களையும் சுவரில் எழுதி வைக்கலாம்.

எல்லோரும் ஏற்றுக்கொண்டுதான் சாக வேண்டும் என்று சட்டமும் இல்லை. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டம் சொன்ன எலிசபெத் கூப்ளர்-ராஸின் புத்தகம் 1969-இல் வந்தது. ஏதோ ஐந்து படி, ஏறினால் மோட்சம் என்பதுபோல் அதை மருத்துவக் கல்லூரிகள் சொல்லிக்கொடுத்தன. அவர் அப்படிச் சொல்லவில்லை. 1995-க்குப் பிறகு பக்கவாதத்தில் வருஷக்கணக்காக நாற்காலியில் முடங்கிக் கிடந்தபோது அவரே சாவு தாமதமாகிறதென்று கடவுள்மேல் கோபப்பட்டுப் பேட்டி கொடுத்தார். சாவைப் பற்றி உலகத்துக்குப் பாடம் எடுத்தவருக்குமா இப்படி என்று பலர் அதிர்ந்தார்கள். நான் அதை அவருடைய நேர்மையாகவே பார்க்கிறேன். நாவுக்கரசரின் முதல் பதிகமே ஒரு முறையீடுதான். கடவுளோடு சண்டை போடுகிறவர் கடவுளோடு பேச்சை நிறுத்தவில்லை.

நம் ஊரில் இப்போது சில வழிகள் திறந்திருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சேவை செய்வதும் சேர்த்தி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். கேட்கத் தெரியாமல்தான் பலரும் கடைசி வாரத்தில் கடன் வாங்கி ஐ.சி.யு.வில் கட்டுகிறார்கள். குணமாக வாய்ப்பில்லாத நிலையில் எனக்கு எந்தெந்த சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் கொடுத்தது. கலாநிதி இறந்ததைப் போல அதுவும் ஒரு மார்ச் 9-ஆம் தேதிதான். 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, மாஜிஸ்திரேட்டிடம் போகத் தேவையில்லை, இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும் என்றது. காகிதம் எளிது. அதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறதே, அதுதான் கஷ்டம். என் பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் அந்தப் பேச்சு நடக்கவே இல்லை. சீட்டுக் கணக்கு மட்டும் சரியாக முடிந்தது.

கோயில்களும் தேவாலயங்களும் தர்காக்களும் இதில் கொஞ்சம் இறங்கி வரலாம். சமயபுரத்திலும் வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் நேர்ந்துகொள்ள வருபவர்களுக்கும், நேர்ந்தது பலித்து வருபவர்களுக்கும் வேண்டிய வசதியெல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள். பலிக்காமல் திரும்பி வருகிறவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார். அவரை ஓரமாக உட்கார வைத்து, பாவ புண்ணியக் கணக்குப் பேசாமல் காது கொடுத்துக் கேட்டு, பக்கத்தில் எங்கே மார்ஃபின் கிடைக்கும் என்றும் சொல்லி அனுப்ப, பயிற்சி பெற்ற ஆள் ஒருவரை நியமிப்பதற்கு அறநிலையத் துறைக்கோ மறைமாவட்டத்துக்கோ வக்ஃபு வாரியத்துக்கோ பெரிய செலவு ஆகிவிடாது. உண்டியலில் ஒரு நாள் வசூலே தாங்கும்.